வராத ஸ்க்ரூ

"நைனா, இன்னிக்காவது அந்த ஸ்க்ரூ வருமான்னு கேளு."

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தேவகி அப்பாவிடம் சொன்னாள். கேட்க வேண்டிய ஆள் நாலடி தூரத்தில், பைக் பக்கத்தில் குந்தியிருந்தான். அவள் புருஷன் வசந்த்குமார். இருவரும் நேருக்கு நேர் பேசி எட்டு மாதமாகிறது.

"வருமான்னு கேக்கறா மாப்ள," என்றார் வேதகிரி.

"வரும்னு சொல்லுங்க மாமா."

"வருமாம்மா." வேதகிரிக்கு இந்தத் தபால்காரர் உத்தியோகம் அலுத்துப்போயிருந்தது.

வசந்தின் அம்மா தேவகியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பக்கத்திலிருந்தும் வசந்த் வாயைத் திறக்கவில்லை. சண்டை அவ்வளவுதான். "எங்க வூட்டாண்ட வுட்டுடு" என்றாள் தேவகி. அவனும் கோபத்தில் தன் ஊரான பெருநகரிலிருந்து காவாந்தண்டலத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். திரும்பும்போது வண்டி கிளம்பாமல் மக்கர் பண்ணியது. அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

போன மாதம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பண்டபாத்திரம் அவளுக்கு, வண்டி அவனுக்கு, அத்தோடு உறவு தீர்ந்தது என்றார்கள். பாத்திரம் வந்து சேர்ந்துவிட்டது. வண்டிதான் பாக்கி.

கார்பரேட்டரைத் திறந்து கழுவினால் ஓடும். ஆனால் மூடியைக் கழற்ற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து மல்லுக்கட்டியதில் மற்ற ஸ்க்ரூக்கள் வந்துவிட்டன. ஒன்றே ஒன்று மிச்சம்.

"போன வாரம் அவ்ளோ எண்ணெ வுட்டுட்டுப் போனேன். மறுபடி துரு ஏறிக்கீது பாருங்க மாமா. கடலோரத்துல நிறுத்தின வண்டி கணக்கா கீது. மழையில நனைஞ்சுதா இன்னா?"

"கொட்டாயிலதான நிக்குது! பேசாம ஒரு குட்டி யானை வண்டில ஏத்திக்கினு போயிடு மாப்ள. ஊர்ல மெக்கானிக் பாத்துப்பான். இன்னாத்துக்கு வாரா வாரம் பேஜாரு?"

முறத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

"வேணாம் மாமா, நானே பாத்துக்கறேன்," என்றான் வசந்த் அவசரமாக. முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

மண்ணெண்ணெய் விட்டான். சுத்தியலால் மெல்லத் தட்டினான். மழுங்கிப்போன ஸ்க்ரூ தலையில் ஆக்ஸா பிளேடால் புதிதாக ஒரு காடி வெட்டினான். ஸ்க்ரூ டிரைவரை அதில் பொருத்தி, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து இடப்பக்கம் திருகினான்.

சின்னதாக ஒரு சத்தம். ஸ்க்ரூ அசைந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியவன் பயந்துபோனான். இன்னும் நாலு சுற்று சுற்றினால் எல்லாம் முடிந்தது. அப்புறம் எந்தச் சாக்கில் இந்த வாசலுக்கு வருவான்? நிமிர்ந்து பார்த்தான். தேவகி குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேச மாட்டாளா என்று ஏங்கினான்.

ஓசைப்படாமல் வலப்பக்கம் திருகி, பழையபடி இறுக்கினான்.

"இன்னிக்கும் வரல மாமா. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்."

"வரலையாம்மா," என்றார் வேதகிரி.

"காதுல வியுந்துச்சு நைனா."

கருவிகளைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான் வசந்த்.

அவன் தெருமுனை தாண்டியதும், தேவகி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டியருகே வந்து குந்தினாள். ஸ்க்ரூ தலையில் புதிதாக வெட்டிய காடி பளபளத்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத் திருகிப் பார்த்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாகத் திரும்பியது. இன்னும் சுற்றினாள். கையோடு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. போனை எடுத்தாள்.

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தான் வசந்த். எட்டு மாதம் கழித்து அந்தக் குரல் நேராக அவன் காதில் விழுந்தது.

"யோவ், ஸ்க்ரூ வந்துடுச்சு. வந்து வண்டிய ரெடி பண்ணு."

அவன் படியிலிருந்து காலை இறக்கினான். "இப்பவேவா?"

"இப்பவேதான். பின்னாடி நானும் ஏறணும்ல? உங்கம்மா எதுனா சொன்னா, இந்தத் தபா நீ வாயத் தொறக்கணும்."

சொல்லிக்கொண்டே, வாரா வாரம் அவன் போனதும் அந்த ஸ்க்ரூக்களுக்கு ஊற்றிவந்த உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தோடு வாசலில் கவிழ்த்துக் கொட்டினாள் தேவகி.