கீழே இருப்பவன்

இகுவானா என்றால் மரத்தில் வாழும் பெரிய பச்சை ஓணான். அப்படி ஒன்று ஆற்றின்மேல் சாய்ந்த கிளையில் வெயில் காய்ந்தது. கீழே நீருக்குள் இன்னொன்று, அதே முதுகு முள்ளோடு. இது அதட்டித் தலையாட்டினால் அதுவும் ஆட்டியது. காலையிலிருந்து இதே சண்டை.

"அண்ணே, மேலே பருந்து! எப்பவும் போலத் தண்ணியில குதிங்க!" என்று மீன்கொத்தி கத்தியது.

"அவன் வீட்டுலயா? செத்தாலும் மாட்டேன்."

"அது உங்க நிழல்ண்ணே!"

"போடா. எனக்கா இவ்வளவு அசிங்கமான மூஞ்சி?"

ஆறு மெல்ல அசைந்தது. நீருக்குள் வெயில் பொன்னாய்க் கலங்கியது. அந்தப் பொன்னுக்குள், எதிராளிக்குப் பின்னால், இரண்டு சிறகுகள் சத்தமில்லாமல் விரிந்து பெரிதாகிக்கொண்டே வந்தன.

இகுவானாவுக்குப் பரம சந்தோஷம்.

"பாருடா," என்றது, "அவன் தொலைஞ்சான்!"