கடைசிப் பாலை

"இந்தப் பாலை மரத்தையும் தறிச்சு ஏத்துங்கோ, முதலாளி. இண்டைக்கே தறியுங்கோ."

லொறிப் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பினார் காட்டு மரம் வெட்டி விற்கும் கொந்தராத்துக்காரர் அப்புத்துரை. கேட்டவர் வீரகத்தி, அக்கராயன் ஊரில் வயல் செய்யும் கமக்காரர்.

"என்ன விசர்க்கதை இது? போன வருசம் இந்த மரத்தைத் தொடவிடாமல் கோடாலிக்கு முன்னாலை குறுக்கை படுத்தது நீர்தானே?"

"ஓம், நான்தான்."

அன்று மனமிரங்கி அப்புத்துரை அந்த மரத்தை மட்டும் விட்டுவைத்தார். மிச்சமெல்லாம் போய்விட்டது. முதிரை, கருங்காலி, பாலை என்று லொறி லொறியாகக் கொழும்புக்கு ஏறியது. அங்கே மாடிகள் எழும்ப எழும்ப இங்கே வெயில் உள்ளே இறங்கியது. மான் தண்ணீர் குடித்த மடுவில் புழுதி பறந்தது. வெறும் அடிக்கட்டைகள்தான் மிஞ்சின.

"உம்மட பெண்சாதி பின்னேரத்திலை இதிலை விளக்குக் கட்டுறவா. வைரவர் இருக்கிற மரம் எண்டு என்ரை ஆக்கள் கிட்டவும் போறேல்லை. தறிச்சா அவா சும்மா இருப்பாவே?"

"அது வைரவருக்கில்லை, முதலாளி."

வீரகத்தி மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கட மூத்தவன் தவராசா தேன் எடுக்கக் காட்டுக்கை போனவன். திரும்பி வரேல்லை. வழி தவறினா, உயரமாத் தெரியிற இந்தப் பாலையைப் பார்த்துக்கொண்டு வா எண்டு தாய் கமலாசனி அவனுக்குச் சின்னனிலையே சொல்லிவைச்சவள். வருவான் எண்டுதான் விளக்குக் கட்டுறாள். அதுக்குத்தான் நானும் குறுக்கை படுத்தனான்."

அப்புத்துரை லொறியை விட்டு மரத்தடிக்கு வந்தார்.

"எனக்குத் தெரியாமல் போச்சே, வீரகத்தி. அப்ப மரம் நிக்கட்டும். ஒருத்தரும் தொடமாட்டினம். எங்கையோ உயிரோடை இருந்தா, இதைப் பார்த்துக்கொண்டு வரட்டும்."

"வேண்டாம், முதலாளி."

வீரகத்தி சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"நேற்று உங்கட ஆக்கள் கடைசித் துண்டுக் காட்டையும் வெட்டி வெளியாக்கினவை. அங்கை ஒரு பத்தைக்கடியிலை கிடந்த எலும்பை, அவன் அரையிலை கட்டியிருந்த இடுப்புக்கொடியைப் பார்த்து அறிஞ்சு, என்ரை கையாலை பொறுக்கிக் குழிவெட்டித் தாட்டனான். மரம் நிண்டா அவள் விளக்குக் கட்டிக் காத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."