மூடி திறந்த பாட்டில்

கடலூரில், விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அம்ரீன் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் மடியில் கிடக்கிறது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அவள் போட்ட ஊசியில் மருந்து மாறிப்போய் நோயாளி ஒருவர் சாகப் பிழைக்கக் கிடந்தார். இன்று சொல்லும் பதில் எடுபடாவிட்டால் அவளுடைய நர்சிங் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் எந்த வார்டிலும் வேலையில்லை. அந்த ஊசியில் மருந்தை நிரப்பிக் கையில் கொடுத்தது சீனியர் நர்ஸ் தேன்மொழி. இன்று அவளே சாட்சியாக வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"மருந்த யாரு ரொப்புனதுன்னு கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?"

"கேக்கட்டும், பாத்துக்கலாம். நான் இருக்கேன்ல? மொதல்ல தண்ணியக் குடி, மூஞ்சே செத்துப்போச்சி."

தேன்மொழி சிரித்தபடி கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டுகிறாள். அன்றைக்கும் இப்படித்தான், "போட்டுடுடி" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். அம்ரீன் விரலால் மூடியைத் தடவுகிறாள். சீல் உடைந்திருக்கிறது. பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். தெளிந்த தண்ணீர்தான். அன்று ஊசிக்குள் இருந்ததும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"நீங்க மொதல்ல குடிங்கக்கா" என்று திருப்பி நீட்டுகிறாள்.

தேன்மொழியின் சிரிப்பு நிற்கிறது. உள்ளேயிருந்து முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். பாட்டிலை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அம்ரீனைப் பார்க்காமலே எழுந்து போகிறாள்.