போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி

“ஏனுங்க சார், இன்னும் எத்தனை தடவைங்க டெஸ்ட் டிரைவ் போவீங்க?”

சுஜித் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான். கார் ஷோரூமில் மாட்டிவிட்ட டை கழுத்தில் கிடந்ததால், கோபத்திலும் ‘ங்க’ போட வேண்டியிருந்தது.

அவன் பக்கத்தில், முன் இருக்கையில் கோட்டும் மஃப்ளருமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கொர்னேலியஸ். ஊட்டிப் பக்கம் நடுவட்டத்துக்கு உள்ளே ஓர் எஸ்டேட்டில், தேயிலைத் தொழிற்சாலையைக் கவனித்துவந்த டீ மேக்கர். விலை விழுந்து தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனுஷன் கோட்டை மட்டும் கழற்றவில்லை. பின்னால் அவர் மனைவி தபித்தாள், சால்வைக்குள் ஒடுங்கிக் கண்ணை மூடியிருந்தார்.

“அவசரப்படக் கூடாது தம்பி” என்றார் கொர்னேலியஸ். “ரெண்டுமே சின்ன எஸ்.யூ.வி.தான். ஆனா அந்தக் கம்பெனி வண்டி வளைவுல ஆட்டுது, உங்களுது ஆட்டல. அதுல பின் சீட்டு நல்லா சாயுது, இதுல சாயல. ஒப்பிட்டுப் பாக்கணுமில்ல?”

மூன்று வாரமாக இதே பாட்டு. செவ்வாயும் வெள்ளியும் விடிந்தால் சுஜித் ஊட்டியிலிருந்து டெமோ வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். இருவரையும் ஏற்றிவந்து ஊட்டி சேரிங் கிராஸில் இறக்கிவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் அவர்கள் போட்டிக் கம்பெனியின் வண்டியில் வீடு திரும்புவார்கள். ஒரே ரோட்டில் போக இது, வர அது என்றால்தான் ஒப்பீடு சரியாக இருக்குமாம்.

அட, அதுகூடப் போகட்டும். ஒரு நாளாவது மைலேஜ் கேட்டாரா? டிக்கியைத் திறந்து பார்த்தாரா? மைலேஜ் கேட்காத ஆளை சுஜித் இந்த மலையில் பார்த்ததே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு வேறு கதி இல்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு புக்கிங்காவது பிடி, இல்லாவிட்டால் அடுத்த மாதம் இந்தப் பக்கம் வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவன் கையில் இருந்த ஒரே கஸ்டமர் இந்தக் கோட்டுக்காரர்தான்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா” என்றார் தபித்தாள் பின்னாலிருந்து.

மகாராணி உத்தரவு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே சுஜித் வேகத்தைக் குறைத்தான்.

சேரிங் கிராஸில் இறங்கும்போது அவன் கறாராகச் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை வண்டி வேண்டுமென்றால் இன்றைக்கே புக்கிங் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். கொர்னேலியஸ் மனைவியைத் தாங்கிப் பிடித்து ஓர் ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் பின் சீட்டில் அந்த அம்மாவின் கம்பளி கிடப்பதைப் பார்த்தான்.

இதற்கும் நானே ஓட வேண்டுமா என்று திட்டிக்கொண்டே ஆட்டோவின் பின்னால் வண்டியை விட்டான்.

ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தது. வண்டியை நிறுத்த இடம் தேடி, கம்பளியோடு விசாரித்துக்கொண்டு போனபோது, டயாலிசிஸ் வார்டில் தபித்தாள் படுத்திருந்தார். அவர் கையிலிருந்து இரண்டு குழாய்கள் மிஷினுக்குப் போயின. கொர்னேலியஸ் குனிந்து அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்வதற்குள் சுஜித் கம்பளியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் பாவத்தை மிதித்துக்கொண்டு மேலே வந்தது. கஷ்டம் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே? வண்டி வாங்குவதாக ஆசை காட்டி, ஒருத்தன் வேலைக்கே உலை வைப்பதா?

ஏமாந்தவன் தான் மட்டும் இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. போட்டிக் கம்பெனி வண்டியை ஓட்டி வருகிற ஜாபேஸ் முன்பு அவனோடு ஒரே ஷோரூமில் வேலை பார்த்தவர்தான். உடனே போன் போட்டான்.

“ஜாபேஸண்ணா, இன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க. அந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டிருக்காருங்க. கார் வாங்கற எண்ணமே இல்லைங்க அவருக்கு. சம்சாரத்தை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு நம்ம வண்டியை ஓசி டாக்ஸியா வெச்சிருக்காருங்க. என் வேலையே போகப் போகுது.”



“ஃபேக்டரிய மூடினதும் ஆஸ்பத்திரிக்குப் போற எஸ்டேட் வேனையும் நிறுத்திட்டாங்களே, சுஜித்து” என்றார் ஜாபேஸ். “பஸ்ஸுல நின்னுட்டே போயி அந்தம்மா ரோட்டுலயே மயங்கி விழுந்துட்டாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்.”

“அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?”

“உன் வேலை போகாது. ஜெகதளா ஊர்ல ஒரு பார்ட்டி நெசமாவே கார் வாங்கறாங்க. நாளைக்கு உன்கிட்ட அனுப்பறேன், உன் புக்கிங்ல போட்டுக்க. கொர்னேலியஸ் சார் மேல கோபப்படாத, அவருக்குப் பொய் சொல்லவே வரல. காலைல எங்க மேனேஜர் வண்டிய வெளிய விடமாட்டாரு, என்னால கூட்டிட்டு வர மட்டுந்தான் முடியும். போறதுக்கு ஒரு வண்டி வேணுமில்ல? ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்னு உன்கிட்டச் சொல்லச் சொல்லி, அவருக்குப் பாடம் சொல்லிக் குடுத்ததே நான்தான்.”