பித்தளைக் குழாயில் சந்தன வாசனை

"உங்கம்மா இன்னிக்கும் வந்துட்டுப் போயிருக்காடா!" என்றார் அப்பா வெங்கடராகவன்.

வரதன் ஆபீஸ் பையைக் கீழே வைத்தான். அம்மா சாவித்ரி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

மேஜைமேல் அப்பா செய்துகொண்டிருக்கும் மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் மாடல். பக்கத்தில் அதன் உச்சியில் வரும் கைப்பிடிக் கம்பிகளுக்கான மெல்லிய பித்தளைக் குழாய்கள். காலையில் அவர் அறுத்தவை வாய் நசுங்கிக் கிடந்தன. இப்போது புதிதாக நாலு துண்டுகள், ஒரே அளவில், வட்டம் குலையாமல்.

"எனக்குத்தான் கை நடுங்கறதே! மோந்து பார், சந்தனம். குழாய்க்குள்ள ஊதுபத்திக் குச்சியைச் சொருகி, பிளேடுக்கடியில உருட்டி அறுக்கறது உங்கம்மா வழக்கம்தானே?"

மோந்து பார்த்தான். வாசனை வரத்தான் செய்தது.

யாரிடம் சொல்லி அழுவது? குழந்தை இறந்து பிறந்த நாளிலிருந்து, நாலு மாதமாக அவன் மனைவி மானசா வாயே திறப்பதில்லை. இப்போது அப்பாவுக்கும் புத்தி பிசகினால் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? அப்பாவைக் காட்ட, செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான்.

மறுநாள், உண்மையில் அறுப்பது யாரென்று பார்க்க, ஆபீஸ் போவதுபோல் போய், மூன்று மணிக்குத் திரும்பினான். அப்பா லைப்ரரிக்குப் போயிருக்கும் நேரம். கேளம்பாக்கம் ஃபிளாட்டே தூங்கிக்கொண்டிருந்தது.

சாத்தியிருந்த அப்பாவின் அறைக்குள் 'கர்... கர்...' என்று சத்தம். கூடவே ஒரு பெண் குரல். அம்மா அவனுக்குப் பாடிய அதே தாலாட்டு!

கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

மானசா! அம்மா சொல்லிக்கொடுத்தபடியே குழாயை உருட்டி அறுத்துக்கொண்டு பாடினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்தது. அலறப் போனவனின் வாயை இன்னொரு கை பொத்தியது. அப்பா! துளி நடுக்கமில்லாத கைகள்.

"உள்ளே போயிடாதேடா," என்று கிசுகிசுத்தார்.

"அவதான்னு தெரியுமா? அப்புறம் ஏன் அம்மான்னு..."

"அவ பேரைச் சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திடுவா. ஒரு நாள் நெஜமாவே என் கை தவறித்து. பாவம்னு அவளே வந்து அறுத்தா. அன்னிக்குத்தான் அவ குரலைக் கேட்டேன்."

"இப்ப உங்க கை நடுங்கலையேப்பா?"

"தினம் நன்னாத்தான் அறுக்கறேன். அப்புறம் இடுக்கியால நானே நசுக்கி வெச்சுட்டுப் போறேன்."