சகாதேவனின் விமர்சனம்

தாலுகா ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால், மூன்று வருஷமாகச் சகாதேவனின் இசைச் செய்திகள்தான்.

"லண்டன்ல அந்த ராக் குழு உடைஞ்சுபோச்சு. டிரம்ஸ் வாசிக்கிறவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். அமெரிக்காவுல சோல்னு கறுப்பர்களோட உருக்கமான பாட்டு பாடறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்குப் புது ரெக்கார்டுல குரல் தளர்ந்துபோச்சு. பழைய உருக்கம் ரொம்பக் கம்மி."

புதிதாக வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட் வேதா, வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் டேப் ரெக்கார்டரோடு வந்தாள்.

"எங்க மாடியில குடியிருக்கிற வெள்ளைக்காரம்மா குடுத்தாங்க. கேளுங்க சார்."

பாட்டு ஓடியது. சாப்பாட்டில் வைத்த சகாதேவனின் கை அப்படியே நின்றுவிட்டது. கண் கலங்கிவிட்டது.

"யாரும்மா இது? உயிரையே உலுக்குறாங்களே!"

"நீங்க நேத்து சொன்ன அந்தப் புது ரெக்கார்டுதான் சார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சகாதேவன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"நிஜத்தைச் சொல்லிடறேன். இதுவரைக்கும் இவங்க பாட்டு ஒண்ணுகூட நான் கேட்டதில்ல. நம்ம ஊர் ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போற இசைப் பத்திரிகைங்களைப் பழைய பேப்பர் கடையில வாங்கிப் படிக்கிறதோட சரி."

"அப்போ குரல் தளர்ந்துபோச்சுன்னது?"

"அதை எழுதினவனுக்குக் காது கேக்காதும்மா. இன்னொரு தடவை போடு!"