சூப்பர்வைசர் சட்டை

உக்காருங்க, உக்காருங்க. பேச்சை நிறுத்துங்க. பின்னால யாரு அது இன்னும் கிசுகிசுன்னு? சிரிக்கற எடம் வந்தா நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.

வெளிநாட்டுல ஒரு ரூம். எட்டுப் பேருக்கு நாலு ரெண்டடுக்குக் கட்டில், ஒரே ஒரு நாற்காலி, அதுக்கும் ஒரு கால் ஆட்டம். கட்டில் ஓரத்துல, முதுகைச் சுவத்தோட ஒட்டிக்கிட்டு மாப்ளே உக்காந்திருக்கான். வெள்ளைச் சட்டை, கழுத்துல டை.

மாப்ளேன்னா இன்னும் ஆகலை. ஆகணும்.

பயலுக்கு சிமெண்ட் மூட்டை சுமக்கற வேலை. தரகர் போய் பொண்ணு வீட்ல, "பையன் சூப்பர்வைசர்"னு அளந்து விட்டுட்டாரு. இவன் மறுக்கலை. போட்டோல பொண்ணைப் பார்த்த பிறகு எவன் மறுப்பான்?

பொண்ணோட அண்ணன் இதே ஊர்ல பெரிய ஆபீஸ்ல இருக்காராம். மாப்பிள்ளையை நேர்ல பார்த்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவாராம். இதோ சாயங்காலம் வர்றாரு.

சட்டை கொண்டு வந்தது இஸ்திரி. கம்பெனிக்காரங்க துணியெல்லாம் துவைக்கற லாண்ட்ரியில வேலை, அதனால அந்தப் பேரு. ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசினா அன்னிக்கு மழை வரும். சலவைக்கு வந்த நிஜ சூப்பர்வைசர் சட்டை அது. அந்தாளு உடம்புல நம்ம ஆள் ரெண்டு பேர் குடியிருக்கலாம். முதுகுல துணி கிளிப்பு மாட்டி இழுத்துக் கட்டியிருக்கு.

"முதுகைக் காட்டினே, கல்யாணம் போச்சு"ன்னான் ரேடியோ. எவன் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசுவான் அவன். "சிரிக்காதே. மூணு நாளா வயிறு போகாதவன் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ. சூப்பர்வைசருன்னா அதுதான்."

"கையை என்னடா பண்றது?"

சிமெண்ட் தின்ன கை. வறண்ட ஏரி மாதிரி வெடிச்சுக் கெடக்கு.

"பாக்கெட்ல போடு. பெரிய ஆளுங்க கையை வெளிய எடுக்க மாட்டாங்க. தேய்ஞ்சிடும்."

கதவு தட்டற சத்தம். அண்ணன் வந்துட்டாரு. கோட்டுன்னா கோட்டு, மடிப்புல விரலை வெச்சா அறுத்துடும். ரூமே எழுந்து நின்னுச்சு, மாப்ளேயைத் தவிர. கிளிப்பு இருக்கே.

"வாங்க, உக்காருங்க. என் ரூம்ல பெயிண்ட் அடிக்கறாங்க. இது நம்ம ஆளுங்க ரூம்"னான் மாப்ளே, உக்காந்தபடியே.

"அதனால என்னங்க"ன்னு நாற்காலியில உக்காந்தாரு.

டீ வந்துச்சு. அண்ணன் கர்ச்சீப்பை எடுத்து, கிளாஸைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. ரேடியோ மூஞ்சி சுருங்கிப்போச்சு. நம்ம கிளாஸை வெறுங்கையால தொடமாட்டாராமா?

அது போதாதுன்னு, இந்த இஸ்திரி ஒரு துண்டைக் கொண்டு வந்து அவர் மடியில விரிச்சு, நெஞ்சு வரைக்கும் இழுத்தும் விட்டான். சோறூட்டற குழந்தைக்குப் பண்ற மாதிரி. எல்லாரும் அவனை முறைச்சாங்க. அவன் கண்ணு டீ கிளாஸை விட்டு நகரலை.

"வேலையெல்லாம் எப்படிங்க?" அண்ணன் கேட்டாரு.

"நமக்கென்ன, நின்னு பாக்கற வேலைதான். உங்களுக்கு?"

"உக்காந்து பாக்கற வேலைதாங்க. ஏசிதான் ஒத்துக்கலை."

ரெண்டு பேரும் கூரையைப் பார்த்தாங்க. பேச்சு படுத்துடுச்சு. தூக்கி நிறுத்தறேன்னு ரேடியோ உள்ள பூந்தான்.

"எங்க சார் சைட்ல கத்தினா எப்படி இருக்கும் தெரியுமாங்க?"ன்னுட்டு, நிஜ சூப்பர்வைசர் குரலை அப்படியே எடுத்து விட்டான். "வேலை நேரத்துல எவன்டா அங்க உக்காந்திருக்கறது?"

மாப்ளே விருட்டுன்னு எழுந்து நின்னுட்டான். பழக்கம் விடுமா? கிளிப்பு ஒண்ணு தெறிச்சு ஜன்னல்ல போய் விழுந்துச்சு.

அண்ணனும் எழுந்துட்டாரு. அப்புறம் வாட்சைப் பார்த்துட்டு, "நேரமாச்சு, நான் வர்றேங்க"ன்னு கிளம்பிட்டாரு.

"கெடுத்தியேடா பாவி. கோச்சுக்கிட்டுப் போறாரு"ன்னு மாப்ளே தலையில கை வெச்சான்.

"போகட்டும் விடு. கர்ச்சீப்பு சுத்திப் பிடிக்கறதும், அவரும். என்ன திமிரு. அதுக்கு ஏத்த மாதிரி இந்த இஸ்திரி, துண்டு விரிச்சு வாயைத் தொடைக்காத குறை."

இஸ்திரி ஜன்னல் வழியா கீழே எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தான்.

போன் அடிச்சுச்சு. மாப்ளேயோட அம்மா.

"சம்மதம் சொல்லிட்டாங்கடா. அண்ணங்காரரு இப்பத்தான் வீட்டுக்குப் பேசினாராம். மாப்பிள்ளை தங்கம்னு சொன்னாராம்."

அவ்வளவுதான். ஒருத்தன் பக்கெட்டைத் தட்டறான், ஒருத்தன் கட்டில் மேல ஏறி ஆடறான். மாப்ளே மட்டும் ரெண்டு கையையும் மடியில விரிச்சு வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கான்.

"வேணாம்டா. பெரிய மனுஷன். நம்பித் தங்கச்சியைக் குடுக்கறாரு. நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட இந்தக் கையை எந்தப் பாக்கெட்ல ஒளிப்பேன்? கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன்."

"கிறுக்கா உனக்கு?"ன்னான் ரேடியோ. "கனிஞ்ச பழத்தைக் குப்பையில போடறியே. ஆபீசருடா அவரு. மூட்டை தூக்கறவனுக்குப் பொண்ணு குடுப்பாரா?"

"குடுக்கலைன்னா போகட்டும்"னு மாப்ளே போனைக் கையில எடுத்தான்.

அப்போதான் இஸ்திரி ஜன்னல்லேருந்து திரும்பினான்.

"போன் எதுக்கு மாப்ளே, நேர்லயே சொல்லு. பாத்திரம் கழுவி வெந்துபோன கையில கோட்டைக் கழட்டிப் பிடிச்சுக்கிட்டு, கீழ எனக்காகத்தான் நிக்கறாரு. நீயும் அந்தச் சட்டையைக் கழட்டு, ரெண்டையும் ஒரே நடையா லாண்ட்ரியில சேர்த்துடறேன்."